சீனத்து ஊசியும் கைதடி நாடியும்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறினால், கோட்டையைச் சுற்றிக்கொண்டு அது பண்ணைப் பாலத்துக்கு வருகின்றது. இரு பக்கமும் பரவைக் கடல். முழங்காலளவு தண்ணீரில் இறாலுக்கு வலை வீசுவோர் நிற்பார்கள். மண்டைதீவுச் சந்தி கடந்ததும் பனைகளும் வெள்ளை மணலுமாக ஓர் ஊர் வரும். அதுதான் அல்லைப்பிட்டி.

அல்லைப்பிட்டி என்றதும் எம்மவர்க்கு நினைவு வருவது 2006ஆம் ஆண்டுதான். அந்த மே மாதத்துக் கொலைகள், ஓகஸ்ட் 13இல் புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் விழுந்த செல், சில நாட்களில் காணாமற்போன பங்குத்தந்தை. அந்த நாட்களில் அங்கிருந்து வெளிக்கிட்டவர்கள் இந்த இதழைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். ஆனால் அந்த மணலுக்கு அடியில் இன்னொரு கதையும் கிடக்கின்றது. 1977இல் ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் இந்த ஊரில் சீனப் பீங்கான் ஓடுகளைக் கண்டெடுத்தார். சோங் அரச வம்சக் காலத்தவை, அதாவது ஏறத்தாழ 900 வருடங்களுக்கு முந்தியவை. யுத்தம் முடிந்த பிறகு, 2018இல், ஷங்காய் நூதனசாலையிலிருந்து வந்த குழுவினர் இலங்கைத் தொல்லியலாளருடன் சேர்ந்து மறுபடியும் தோண்டினார்கள். தென்சீனத்துச் சூளைகளில் சுட்ட கோப்பைகளும் சாடிகளும் துண்டு துண்டாக வந்தன.

கோப்பை வந்த கப்பலில் வேறென்ன வந்திருக்கும்? பட்டு வந்திருக்கும். மருந்துச் சரக்கும் வந்திருக்கும். இந்தக் கட்டுரைக்கான தேடல் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. சில மாதங்களாகச் சகோதரிகள் பலர் எம்மிடம் கேட்டு வருவதும் அதை ஒட்டியதே. "சீன ஊசி வைத்தியம் எண்டு ஒண்டு இருக்காமே, உடம்பு நோவுக்கு நல்லதாமே, உண்மையோ?" என்கின்றார்கள்.

சீனருக்கும் எமக்குமான போக்குவரத்து நேற்று வந்ததல்ல. கி.பி. 410 அளவில் பாகியான் என்ற சீனத்துறவி இலங்கைக்கு வந்து இரண்டு வருடம் தங்கினார். அநுராதபுரத்து விகாரையில் புத்தர் சிலையருகே யாரோ வணிகர் காணிக்கையாக வைத்திருந்த சீனப்பட்டு விசிறியைக் கண்டதும் ஊர் நினைவு வந்து அழுதுவிட்டதாகத் தம் பயணக்குறிப்பில் எழுதியிருக்கின்றார். முகாமில் இருந்தபோது ஊர்ப் பனங்கிழங்கைக் கண்டு கண் கலங்கிய எவருக்கும் அந்த அழுகை விளங்கும். ஆயிரம் வருடம் கழித்து வந்த கடற்படைத் தளபதி செங் ஹோ, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட கல்வெட்டு ஒன்றைச் சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகளிலும் வெட்டிக் கொண்டுவந்தார். அதன் தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்குப் பொன், வெள்ளி, பட்டு, சந்தனம், எண்ணெய் முதலானவற்றைக் காணிக்கை சொல்கின்றது. 1911இல் காலி நகரில் மதகு ஒன்றின் மூடுகல்லாகக் கிடந்து வெளிப்பட்ட அந்தக் கல் இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது.

வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பாருங்கள். வெள்ளைச் சர்க்கரைக்குச் சீனி என்ற பெயர் சீனத்தால் வந்தது என்பர். சீனச்சட்டி, சீனவெடி, சீனக்காரம் எல்லாம் அப்படியே. நாட்டு மருந்துக்கடையில் தோல் வருத்தத்துக்கு வாங்கும் பறங்கிப்பட்டை, பெயரில் பறங்கியர் இருந்தாலும், சீனத்துக் கொடியொன்றின் கிழங்குதான். 1535 அளவில் போர்த்துக்கேயரின் கோவாவுக்கு வந்து பிரபலமானது. கோவாவில் வாழ்ந்த வைத்தியர் கார்சியா டா ஓர்ட்டா 1563இல் அச்சிட்ட நூலில் இதைப்பற்றி எழுதியுள்ளார். அது வந்து சேர்ந்தபின் எங்கள் சித்த வைத்தியர்கள் சூரணமாக்கித் தமதாக்கிக் கொண்டார்கள். பழனி முருகன் சிலையோடு சேர்த்துச் சொல்லப்படும் போகர் சித்தரைச் சீனத்தவர் என்பாரும் உண்டு, சீனம் போய் வந்தவர் என்பாரும் உண்டு. கதையோ உண்மையோ, இரண்டு வைத்தியங்களுக்கும் உறவு இருக்கின்றது என்று எம் முன்னோர் நினைத்தார்கள் என்பது மட்டும் தெரிகின்றது.

மலாயன் பென்சனியர் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் புலித் தைலமும் கோடாலித் தைலமும் தெரியாமல் இராது. புலித் தைலம் ரங்கூனில் குடியேறிய சீன வைத்தியர் ஒருவரின் வீட்டுத் தயாரிப்பு. அவருடைய மக்கள் அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய் உலகெங்கும் விற்றார்கள். கற்பூரம், புதினா உப்பு, கராம்பு எண்ணெய் இவைதான் உள்ளே. புலி ஒன்றுமில்லை.

அல்லைப்பிட்டியிலிருந்து வேலணைப் பக்கமாகக் கரையோரம் நடந்தால் கடலட்டை காயும் இடங்களைக் காணலாம். அட்டையைக் கீறிக் குடலெடுத்து, அவித்து, மணலில் புதைத்துத் தோல் ஊறவைத்து, உரஞ்சிக் கழுவி, மறுபடி அவித்துக் காயவைப்பார்கள். அந்த வேலையில் நின்ற ஓர் அம்மாவிடம் இதன் ருசி எப்படியென்று கேட்டேன்.

"நாங்கள் தின்னிறேல்லைப் பிள்ளை. சீனாக்காரர் மருந்தெண்டு தின்னுறவையாம். ஆருக்குத் தெரியும்?" என்று சிரித்தார். கை விரல்கள் உப்புத் தண்ணீரில் ஊறி வெளிறிப்போயிருந்தன. "எனக்கு இடுப்பு நோவுக்கு ஒரு மருந்து கிடைச்சால் காணும்."

சீன மொழியில் கடலட்டைக்குக் கடல் ஜின்செங் என்ற பொருளில் பெயர். ஜின்செங் அவர்களுடைய வைத்தியத்தில் உயர்ந்த வேர். குருதிக்கும் சிறுநீரகத்துக்கும் பலம் தரும் என்று அதை உண்கின்றார்கள். இந்தியாவில் 2001 முதல் கடலட்டை பிடிப்பது முற்றாகத் தடை. எமது கடலில் அனுமதிப்பத்திரத்துடன் பிடிக்கலாம். அண்மைய வருடங்களில் வந்துள்ள அட்டைப் பண்ணைகளால் சிறுமீன்பிடியாளருக்கு வழி அடைபடுகின்றது என்ற சண்டையும் இருக்கின்றது. அது தனியே எழுதவேண்டிய விடயம். ஒன்றை மட்டும் சொல்லலாம். சீன வைத்தியத்துக்கு மருந்து கொடுக்கும் கரையில் நிற்பவளுக்கு அந்த வைத்தியம் என்னவென்று எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எமது அம்மம்மாமார் இளநீர் குளிர், அன்னாசி சூடு, பலாக்காய் வாய்வு, கத்தரிக்காய் கிரந்தி என்பார்கள். சீன வைத்தியமும் இந்த மாதிரித்தான் தொடங்குகின்றது. குளிர்ச்சி, நிழல், ஈரம், ஓய்வு இவை யின். சூடு, வெயில், உலர்வு, ஓட்டம் இவை யாங். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டும். ஒன்று மிஞ்சினால் வருத்தம். நாம் நிலம், நீர், தீ, காற்று, வெளி என்று ஐந்து பூதம் சொல்ல, அவர்கள் மரம், தீ, மண், உலோகம், நீர் என்று ஐந்து சொல்கின்றார்கள். உடம்பில் ஓடும் உயிர்க்காற்றை அவர்கள் 'சி' என்பார்கள். நாம் பிராணன் என்றும் வாசி என்றும் சொல்வதற்குக் கிட்டியது அது. இந்தச் சி பன்னிரண்டு பெரும்பாதைகளிலும், உடம்பின் முன் நடுவிலும் பின் நடுவிலும் ஓடும் இரண்டு பாதைகளிலும் போகின்றது என்றும், அது தேங்கும் இடத்தில் நோவு வரும் என்றும் அவர்கள் கருதினார்கள். அப்பாதைகளில் உள்ள புள்ளிகள் 361 என்பது இன்றைய கணக்கு. அவ்விடங்களில் மெல்லிய ஊசி ஏற்றுவதே அக்குபங்சர்.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் சீனப் பெண்கள் ஒரு மாதம் வீட்டுக்குள் இருப்பார்கள். பச்சைத் தண்ணீர் தொடக்கூடாது, தலை முழுகக்கூடாது, இஞ்சியும் கோழியும் நல்லெண்ணெயுமாகச் சாப்பிடவேண்டும். எமக்கு 31 நாள் துடக்கு, காயம், சரக்குக் கறி, வேது தண்ணி. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும் மாமியாரும் இதே கட்டளைகளைத்தான் போட்டிருக்கின்றார் என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் பிள்ளை பெற்றவளுக்கு எந்த 31 நாளும் கிடைக்கவில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. அப்போது பிடித்த இடுப்பு நோவு இன்னும் விடவில்லை என்று சொல்பவர்கள் உண்டு.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்த வைத்தியத்தின் சொந்தக்காரியைப் பார்க்க விரும்பினால் கைதடிக்குத்தான் போகவேண்டும். நான் சொல்வது எமது சித்த வைத்தியத்தை. கண்டி வீதியில் அரியாலை கடந்து, செம்மணி வெளி கடந்து, நாவற்குழிப் பாலம் ஏறி இறங்கினால் கைதடி. 1995 ஒக்டோபர் 30 இரவு அந்தப் பாலத்தில் மழைக்குள் நின்றவர்களுக்குப் பஸ்ஸில் போகும் இந்த ஐந்து நிமிடமும் எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். யாழ். பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கற்கை 1984இல் ஆரம்பிக்கப்பட்டு, கைதடியில் நடைபெறுகின்றது. அருகே போதனா வைத்தியசாலையும் உண்டு. காலையில் போனால் வாங்கில் வரிசையாக அம்மாமார் இருப்பார்கள். எண்ணெய் வாசமும் நொச்சி இலை வாசமும் வரும்.

சித்த வைத்தியர் பெண்களுக்கு இடக்கையிலும் ஆண்களுக்கு வலக்கையிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார். ஒரு விரலுக்கு வாதம், ஒன்றுக்குப் பித்தம், ஒன்றுக்குக் கபம். சீன வைத்தியரும் மணிக்கட்டில் மூன்று விரல்தான் வைப்பார், ஆனால் இரு கைகளிலும். மெல்லத் தொட்டு ஒருமுறை, அழுத்தி ஒருமுறை. நாக்கின் நிறமும் பார்ப்பார். எம்மிடம் ஊசிக்குக் கிட்டியது வர்மம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது வழமையான கணக்கு. அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான இடங்கள் என்று போர்க்கலையில் அறிந்தவற்றை, தடவியும் அழுத்தியும் நோவாற்ற வைத்தியத்தில் பயன்படுத்தினார்கள். சில வர்ம இடங்களும் சீனப் புள்ளிகளும் ஒரே இடத்தில் விழுகின்றன. யார் யாரிடமிருந்து படித்தார்கள் என்று சண்டை பிடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. மனித உடம்பு ஒன்றுதானே. நொந்த இடத்தை அழுத்திப் பார்க்காத கை எங்கே இருக்கின்றது?

வாங்கில் பக்கத்தில் இருந்தவர் முல்லைத்தீவைச் சேர்ந்த தங்கச்சி ஒருவர். வயது நாற்பது இருக்கும். முதுகில் செல் துண்டு ஒன்று எடுக்கப்படாமலே இருக்கின்றது. எடுத்தால் கால் இயங்காமற் போகலாம் என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்களாம்.

"அக்கா, கனடாவிலை இருக்கிற மச்சாள் சொல்லுறா, அங்கை சீன ஊசி குத்தினால் இந்த நோவு மாறுமாம். இஞ்சையும் ஒராள் வந்து முகாம் மாதிரிச் செய்யிறாராம். பத்துத் தரத்துக்கும் காசை முதலே கட்டட்டாம். சீட்டுக்காசு கையிலை இருக்கு. கட்டட்டோ?"

உடனே பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது. பத்துத் தரக் காசு என்பது அவருக்கு இரண்டு பிள்ளைகளின் ரியூசன் காசு. ஆகவே அக்குபங்சரைப்பற்றி உறுதியாகத் தெரிந்தவற்றை அவருக்குச் சொன்னபடியே இங்கும் சொல்கின்றேன்.

ஊசி வைத்தியம் மிகப் பழையது. கி.மு. 113இல் இறந்த சீன இளவரசர் ஒருவரின் கல்லறையை 1968இல் திறந்தபோது பொன் ஊசிகளும் வெள்ளி ஊசிகளும் இருந்தன. ஆனால் சீனர் எல்லாரும் எல்லாக் காலமும் அதைப் போற்றினார்கள் என்பது சரியல்ல. 1822இல் சீனப் பேரரசரே அரண்மனை வைத்தியக் கழகத்தில் அதைத் தடைசெய்தார். 1950களுக்குப் பின்தான் அரசாங்கம் அதை மறுபடி கையிலெடுத்தது. வெறுங்கால் வைத்தியர் என்று பெயர்பெற்ற கிராமத்து இளைஞரும் யுவதிகளும் ஒரு பையில் ஊசியும் சில குளிசைகளுமாக வீடு வீடாகப் போனார்கள்.

ஐரோப்பாவுக்கு இதை எடுத்துச் சென்றவர்கள் எமது கோட்டையை ஆண்ட அதே ஒல்லாந்தக் கொம்பனியின் ஆட்கள். அவர்களது வைத்தியர் வில்லெம் டென் றைனே யப்பானில் இருந்து அறிந்து 1683இல் எழுதிய நூலில்தான் அக்குபங்சர் என்ற சொல் பரவியது. அதற்குச் சில வருடம் முன் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், ஒரு பாதிரியார் காலில் வாத நோவால் துடித்தார். கீழைத்தேயப் பெண் வைத்தியர் ஒருவர் மாசிபத்திரி இனத்து இலையைப் பஞ்சாக்கி நோவிடத்தில் வைத்துக் கொளுத்தி அதைத் தணித்தார். பாதிரியார் அதைப்பற்றிப் புத்தகம் எழுதினார். ஹெர்மன் புஷோப் என்ற அவருடைய பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

1971இல் நியூயோர்க் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரன் பீக்கிங்கில் குடல்வால் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. பிறகு வயிறு ஊதி நொந்தபோது ஊசி ஏற்றினார்கள், சுகம் கண்டார், எழுதினார். மேற்கு நாடுகள் திரும்பிப் பார்த்தன. ஊசியால் விறைக்க வைத்தே வயிற்றை வெட்டினார்கள் என்று இன்றும் சிலர் சொல்வது பிழை. வழமையான விறைப்பு மருந்துதான் கொடுத்தார்கள். இலங்கையில் களுபோவிலை அரச வைத்தியசாலையில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய 1970களிலிருந்து இலவசமாக இந்தச் சிகிச்சையை நடத்தினார். பல நாட்டு மாணவரும் அங்கு வந்தார்கள். அவர் 2005இல் காலமானார். இந்தியாவில் 1938இல் சீனத்துக்குப் போன ஐவர் வைத்தியக் குழுவில் ஒருவரான டொக்டர் பாசு பின்னாளில் கல்கத்தாவில் இதைத் தொடக்கிவைத்தார். இந்திய அரசு 2019இல் தனி மருத்துவ முறையாக ஏற்றுக்கொண்டது.

சரி, வேலை செய்யுமோ? முதுகு, கழுத்து, முழங்கால், தலையிடி ஆகிய நெடுநாள் நோவுகளில் 20,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் பரிசோதனை முடிவுகளை ஒன்றுசேர்த்து 2018இல் ஆராய்ந்தார்கள். ஊசி போடாதவர்களை விடப் போட்டவர்களுக்கு நோவு தெளிவாகக் குறைந்தது. ஆனால் போலி ஊசி போட்டவர்களுக்கும் ஓரளவு குறைந்தது! உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் வித்தியாசம் இருந்தது, ஆனால் சிறிது. சி ஓடும் பாதையை எந்தக் கருவியாலும் எவரும் கண்டதில்லை. ஊசி குத்தும்போது உடம்பு தானே சுரக்கும் நோவாற்றும் பொருட்கள் ஒரு காரணம் என்று கருதப்படுகின்றது. ஆறுதலாக அரை மணி நேரம் படுக்கவைத்து, ஒருவர் எம்மைத் தொட்டு, எங்கே நோகின்றது என்று கேட்பதும் இன்னொரு காரணமாக இருக்கலாம். பத்து வருடமாக எவரும் அப்படிக் கேட்காத பெண்களுக்கு அது சின்ன விடயமல்ல.

நோவு தணிக்கும், சத்தியைக் குறைக்கும். அதற்கு மேல் நீரிழிவு, புற்றுநோய், கண்பார்வை எல்லாம் மாற்றித் தருவேன் என்று சொல்பவரை நம்பவேண்டாம். இன்சுலினையும் பிறசர் குளிசையையும் நிறுத்தச் சொல்பவரிடமிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

தங்கச்சிக்கு நான் சொன்னது இதுதான். செல் துண்டு இருக்கும் இடத்துக்கு மேலேயோ அருகிலேயோ ஊசி ஏற்ற விடக்கூடாது. எக்ஸ்றே படத்தைக் காட்டாமல் எவர் முன்னாலும் படுக்கக்கூடாது. அதே காரணத்தால், காந்தத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எப்போதாவது அனுப்பினால் உடம்பில் இரும்பு இருக்கின்றது என்று முதலிலேயே சொல்லவேண்டும். ஊசி புதிதாக, மூடிய உறையிலிருந்து உங்கள் கண் முன்னால் உடைக்கப்படவேண்டும். ஒருமுறை பாவித்ததை எறிய வேண்டும். அது முடியளவு மெல்லியது, மருந்தேற்றும் ஊசியைப்போல நோகாது. ஆனால் நெஞ்சுப் பக்கம் ஆழமாக ஏற்றினால் நுரையீரல் குத்துப்படலாம். இரத்தம் கட்டாமல் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் அதை முன்பே சொல்லவேண்டும். எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள் என்று வைத்தியரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. பத்துத் தரக் காசை ஒருவரும் முதலில் கட்டவேண்டியதில்லை. நாலைந்து தரத்துக்குள் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் விட்டுவிடலாம்.

"அப்ப சீட்டுக்காசைக் கட்டேல்லை," என்றார் தங்கச்சி. பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒருதரம் மட்டும் காசு குடுத்துப் பாக்கலாம் என்ன?" என்றார். பாக்கலாம் என்றேன்.

இல்லாத கால் நோகின்றது என்று சொல்பவர்களைப்பற்றியும் எழுதவேண்டும். மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே போனவர்களுக்கு, இல்லாத பாதத்தின் பெருவிரல் முறுக்கிப் பிடிப்பதுபோல இரவில் வரும். வீட்டாருக்குச் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கின்றார்கள். இது பைத்தியமல்ல. காலுக்குரிய இடம் மூளையில் இன்னும் இருக்கின்றது. ஊசி வைத்தியம் இதற்கு உதவும் என்று சிறிய ஆய்வுகள் மட்டுமே சொல்கின்றன. ஆனால் செலவில்லாத வழியொன்றை, தமிழரான மூளை விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் அமெரிக்காவில் காட்டினார். நிலைக்கண்ணாடி ஒன்றை இரு கால்களுக்கும் இடையில் நிறுத்தி, இருக்கும் காலின் விம்பத்தைப் பார்த்தபடி அதை மெல்ல மடக்கி நீட்டுவது. இல்லாத கால் அசைவதுபோலக் கண்ணுக்குத் தெரியும். முறுக்கு இளகுவதாகப் பலர் சொல்கின்றார்கள். எல்லோருக்கும் சரிவராது. தினமும் கால் மணி நேரம், சில கிழமை செய்து பார்க்கலாம். 1987 முதல் யாழ்ப்பாணத்தில் செயற்கைக்கால் செய்து கொடுக்கும் ஜெய்ப்பூர் நிறுவனத்துக்குப் போகும்போது இதைப்பற்றிக் கேளுங்கள்.

மூலிகைப் பக்கம் ஒரு எச்சரிக்கை உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய வைத்தியம் செய்த பெண்கள் ஏறத்தாழ நூறு பேருக்குச் சிறுநீரகம் பழுதானது. சீன மூலிகை ஒன்று மாறிப்போய், அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்ததே காரணம். அந்த இனத்தில் எமது ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அடங்கும். இந்த இனத்தில் உள்ள அமிலம் புற்றுநோயும் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் நிறுவனம் அறிவித்திருக்கின்றது. பரம்பரையாகக் கொடுத்த மருந்துதானே என்று அவற்றைப் பிள்ளைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்கவேண்டாம். இயற்கை என்பதாலேயே ஒன்று பாதுகாப்பாகிவிடாது. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

மறுபக்கமும் இருக்கின்றது. வன்னியில் கூடாரத்துக்குள் இருந்த காலத்தில் மலேரியாவில் நடுங்காத வீடு இருந்ததா? குளோரோகுயின் கசப்பு இன்னும் நாக்கில் நிற்கின்றது. அதே காலத்தில் வியட்நாம் யுத்தத்தில் மலேரியாவுக்கு மருந்து தேடியதன் பலன் உலகத்துக்கு வந்துகொண்டிருந்தது. தேடியவர் து யூயூ என்ற சீனப் பெண். 1969இல் அந்த வேலைக்கு அவரைப் போட்டபோது கணவர் தூர இடத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார். நாலு வயது மகளைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டுத்தான் போனார். பழைய சுவடிகளைப் புரட்டியதில் மாசிபத்திரி இனச் செடி ஒன்று காய்ச்சலுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் காய்ச்சி எடுத்த மருந்து சரியாக வேலை செய்யவில்லை. ஏறத்தாழ 1,600 வருடத்துக்கு முந்திய குறிப்பொன்றை மறுபடி வாசித்தார். அதில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கின்றது என்று பிடித்துக்கொண்டார். சூடாக்காமல் எடுத்து, முதலில் தானே குடித்துப் பார்த்தார். அந்த ஆட்டெமிசினின் பல நாடுகளில் இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. எமது நாட்டிலும் மலேரியாச் சிகிச்சையில் சேர்ந்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு. அடுத்த வருடம், 2016 செப்டெம்பரில், இலங்கை மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது.

ஊசி தேவைப்படாத அழுத்தல் முறையும் உண்டு. வீட்டில் செய்யக்கூடியவற்றில் இரண்டை எழுதுகின்றேன். பஸ்ஸில் சத்தி வருபவர்களும், மருந்து எடுத்துக் குமட்டல் உள்ளவர்களும் உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு நரம்புக் கயிறுகளுக்கும் நடுவே, மறு கைப் பெருவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். இதற்கு நல்ல ஆய்வுச் சான்று இருக்கின்றது. தலையிடிக்குப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதையைக் கிள்ளிப் பிடிப்பது வழக்கம். ஆனால் கர்ப்பிணிகள் இந்த இடத்தை அழுத்தக்கூடாது என்று சீன நூல்கள் விலக்கியிருக்கின்றன. இடுப்பு நோவுக்கு எமது நொச்சி இலை ஒத்தணம் இருக்கின்றது. ஆனால் விறைத்த காலில் சூடு தெரியாது, பொக்களம் போட்டுவிடும். நீரிழிவு உள்ளவர்கள் வேறொருவர் கையில் சூடு பார்த்த பிறகே வைக்கவேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் தங்கச்சி என் பக்கத்தில் இருந்தார். நாவற்குழிப் பாலத்தடியில் பஸ் குலுங்கத் தொடங்க, சொல்லிக்கொடுத்த இடத்தைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டார். முன் இருக்கையில் இருந்த வயோதிப மாது திரும்பிப் பார்த்து, "என்ன பிள்ளை, கை நோகுதோ?" என்று கேட்டார். இவர் சொல்லிக்கொடுக்க, அவரும் தன் கையை நீட்டினார். பஸ் அரியாலைக்கு வரும் வரைக்கும் இருவரும் விரல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.